எம்.டி. சீட் எடுக்கும்போது டி.எம்.மை எவ்வளவு தூரம் பார்ப்பது?

எம்.பி.பி.எஸ். 5½ வருஷம், எம்.டி. 3 வருஷம், அதற்கு மேல் ஒரே சிறப்புத் துறையை ஆழமாகப் படிக்கிற டி.எம். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி) 3 வருஷம். இடையில் தேர்வுக்குப் படிக்கிற காலமும், படிப்பை முடித்து அரசுக்கு வேலை பார்த்துத் தர வேண்டிய பாண்டும் தனிக்கணக்கு. இவ்வளவு நீளமான படிப்பில் நடுவில் வருகிற அந்த மூன்று வருஷத்தை எங்கே கழிப்பது என்பதுதான் ஒவ்வொரு கவுன்சலிங் சமயத்திலும் என்னிடம் வருகிற கேள்வி. நான் பாளையங்கோட்டையில் நெஃப்ராலஜிஸ்டாக, அதாவது சிறுநீரக மருத்துவராக இருக்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப்பேர் ஒரு பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். டி.எம்.மில் கார்டியாலஜி (இதயம்) வேண்டுமென்றால் எம்.டி.க்கே கார்டியாலஜி பெரிதாக இருக்கிற கல்லூரி, கேஸ்ட்ரோ (குடல், கல்லீரல்) வேண்டுமென்றால் கேஸ்ட்ரோ பெரிதாக இருக்கிற கல்லூரி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

முதலில் தேர்வைப் பார்ப்போம். 2017இல் டி.எம். இடங்களுக்கான நீட் எஸ்எஸ் தேர்வு வருவதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருந்தார்கள். சண்டிகர் பிஜிஐக்கு ஒன்று, எய்ம்ஸுக்கு ஒன்று, ஜிப்மருக்கு ஒன்று, மாநில அரசு இடங்களுக்கு ஒன்று. திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி வடக்கே போய் எழுதிவிட்டு வருவது என் காலத்தில் ஒரு சடங்கு மாதிரி. நேர்முகம் இருந்த இடங்களில் யாரிடம் படித்தாய் என்று கேட்பார்கள். படித்த இடத்தின் பெயருக்கு ஒரு எடை இருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களுக்கு ஒரே தேர்வு, ஒரே ரேங்க். நீங்கள் எந்தக் கல்லூரி என்று அந்த ரேங்குக்குத் தெரியாது.

அந்தத் தேர்விலும் ஆரம்பத்தில் 40 சதவீதம் பொது மருத்துவம், 60 சதவீதம் விரும்பிய சிறப்புத் துறை என்று இருந்தது. 2021இல், தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது அதை மாற்றப் பார்த்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் மாற்றத்தை 2022க்குத் தள்ளி வைத்தார்கள். இன்றைக்கு மெடிசின் குரூப்பில் எழுதுகிறவர் கார்டியாலஜிக்கு ஆசைப்பட்டாலும் நெஃப்ராலஜிக்கு ஆசைப்பட்டாலும் வினாத்தாள் ஒன்றுதான். 150 கேள்வி, தவறுக்கு மைனஸ் மார்க். இதயத்தை மட்டும் கரைத்துக் குடித்தவருக்கு அதில் எந்தச் சலுகையும் கிடையாது. மூளை, குடல், மூட்டு, ரத்தம் எல்லாமே வேண்டும். எய்ம்ஸ், ஜிப்மர் வகையறாவுக்கான ஐஎன்ஐ எஸ்எஸ் மட்டும் வேறு மாதிரி. அங்கே துறைவாரியாகத் தாள், அப்புறம் துறையே நடத்துகிற நேரடித் தேர்வு. நோயாளி பக்கத்தில் நின்று பழகியவனுக்கு அங்கே வாய்ப்புக் கூடுதல்.

ஆகவே எம்.டி. இடத்தைப் பொறுத்தவரை கல்லூரியின் பெயரைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்த வார்டில் ராத்திரி வேலையை யார் செய்கிறார்கள்?

நான் எம்.டி. படித்தது தெற்கே ஓர் அரசுக் கல்லூரியில். கார், பிசானம் என்று இரண்டு பட்டத்துக்கும் ஜனங்கள் வயலில் இறங்குகிற சீமை இது. நடவு நாட்களிலும் அறுப்பு நாட்களிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்கள் வராத அட்மிஷன் டே அபூர்வம். காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். அதோடு வேலை முடியாது. மூத்திரம் எவ்வளவு போகிறது என்று மணிக்கு மணி அளக்க வேண்டும். சிலருக்கு ஓரிரு நாளில் அது சுருங்கிவிடும், சிறுநீரகம் கெடுவதைக் காட்டுகிற கிரியாட்டினின் ஏறும். டயாலிசிஸ் எந்திரம் கிடைப்பது அப்போது லேசில்லை. வயிற்றில் குழாய் போட்டு, திரவத்தை உள்ளே விட்டு எடுக்கிற பெரிட்டோனியல் டயாலிசிஸை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பிஜிக்களே, அதாவது எம்.டி. படிக்கிற நாங்களே ஓட்டுவோம். நெஃப்ராலஜியில் டி.எம். படிக்கிறவர் என்று அங்கே யாரும் கிடையாது. இருந்திருந்தால் அந்தக் குழாய் என் கைக்கு வந்திருக்காது.

மஞ்சள் அரளி விஷத்தில் வருகிறவர்கள் விஷயமும் இப்படித்தான். நாடித்துடிப்பு நாற்பதுக்குக் கீழே போய், இதயத்துக்குள் மின்சைகை தடைபடுகிற ஹார்ட் பிளாக் ஈசிஜியில் தெரியும். அட்ரோபின் மருந்துக்கு மசியவில்லை என்றால் டெம்பரரி பேஸிங், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு ஒரு ஒயரைத் தள்ளித் துடிக்க வைப்பது. டி.எம். மாணவர்கள் நிறைந்த பெரிய நிறுவனத்தில், அந்த ஒயரைத் தள்ளுவது அவர்கள். மெடிசின் பிஜி கன்சல்டேஷன் எழுதி வைத்துவிட்டு பெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டி.எம். இல்லாத இடத்தில் அசிஸ்டன்ட் புரொபசர் பக்கத்தில் நிற்க, பிஜிதான் செய்வார். கார்டியாலஜி ஆசையில் கார்டியாலஜி பெரிதாக இருக்கிற இடத்துக்குப் போய், மூன்று வருஷமும் எக்கோ ரிப்போர்ட் வாங்கப் படியேறி இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கூட்டம் மட்டுமே யாரையும் டாக்டராக்கிவிடாது. ஒருமுறை மலையடிவாரத் தோட்டத்தில் பாம்பு கடித்தவர் ஒருவர் எங்கள் யூனிட்டில் இருந்தார். குப்பி குப்பியாக மருந்து ஏற்றியும் ரத்தம் உறையவில்லை. இன்னும் ஏற்றுவதா வேண்டாமா என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது காலை ரவுண்ட்ஸுக்கு சீஃப் வந்தார். கேஸ் ஷீட்டைத் தொடவில்லை. "ஏலே, கடிச்சது வயல்லயா தோட்டத்துலயா? பாம்பக் கொண்டாந்திருக்காங்களா?" என்றார். கொண்டுவந்திருந்தார்கள், வாசலில் மஞ்சப்பையில் கிடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் ஒரு குழிவிரியன் உண்டு. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்காகத் தயாராவது. இந்தக் குழிவிரியனுக்கு அது கேட்காது. "நிறுத்துடே. இனி கிட்னியப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அந்தக் கல்லூரியை நான் மறுபடியும் எடுப்பேன். அப்படி ஒரு சீஃப் இல்லாத இடத்தில், எவ்வளவு கூட்டம் வந்தாலும் பிஜி தன் தப்பையே பழகிக்கொண்டு வெளியே வருவார். கூட்டமும் வேண்டும், ரவுண்ட்ஸில் கேள்வி கேட்கிற ஆளும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்குமென்றால்? நான் ஆளைத்தான் எடுப்பேன்.

சிறப்புத் துறை பக்கத்தில் இருப்பதில் லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த வேலை நாள் முழுக்க எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். கல்லூரியில் கார்டியாலஜி என்றால் முர்முர் (இதயத்தில் கேட்கிற இரைச்சல்), ஈசிஜி. வேலையில் அது நடுராத்திரி ஆஞ்சியோ செய்கிற கேத் லேப். நெஃப்ராலஜி என்றால் புத்தகத்தில் குளோமெருலஸ் (சிறுநீரக வடிகட்டி). வேலையில் அது டயாலிசிஸுக்கு வாரத்துக்கு மூன்று முறை, வருஷக்கணக்கில், அதே முகங்கள். நானும் எம்.டி. சேரும்போது கார்டியாலஜி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷத்தில் மனசு மாறியது. கூடப் படித்தவர்களிலும் சேர்ந்தபோது சொன்ன துறைக்கே போனவர்கள் குறைவு. 25 வயசில் சொல்கிற துறையை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் அதுதான். இப்போது தென் மாவட்டங்களிலும் நிலைமை மாறியிருக்கிறது. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே மத்திய அரசுத் திட்டத்தில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக் வந்துவிட்டது. ஒரு துறையைக் கண்ணால் பார்ப்பதற்காக மட்டும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

படிக்க நேரம் கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி, பலரும் கூச்சப்பட்டுக் கேட்காத கேள்வி. வேலை கடினமாக இருப்பது வேறு, வீணாக இருப்பது வேறு. ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது, இன்ஷூரன்ஸ் பேப்பருக்கு கையெழுத்து வாங்க அலைவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் பிஜி தலையில் விழுகிற இடங்கள் இருக்கின்றன. ஒரு பாம்புக்கடி கேஸோடு ராத்திரி முழித்தால் காலையில் அந்தப் பாடத்தைப் படிக்கத் தோன்றும். சாம்பிளோடு முழித்தால் தூங்கத்தான் தோன்றும்.

எம்.டி.யில் எந்தப் பிரிவு எடுப்பது என்ற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.எம்.முக்கு ஜெனரல் மெடிசின் ஒன்றே வழி என்று நினைத்து இன்னொரு வருஷம் ரிப்பீட் போடுகிறவர்கள் தகுதிப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படிக்கலாம். குழந்தை மருத்துவம் முடித்தவர் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மட்டுமல்ல, கார்டியாலஜிக்கும் நியூராலஜிக்கும்கூடப் போகலாம். மயக்க மருந்து படித்தவருக்கு கிரிட்டிக்கல் கேர் திறந்திருக்கிறது. எம்.டி.க்கு இணையான, தனியார் ஆஸ்பத்திரிகளிலும் படிக்கக் கூடிய டிஎன்பியைக் கீழாகப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். அதை முடித்தவர்களும் அதே நீட் எஸ்எஸ்தான் எழுதுகிறார்கள். அங்கேயும் ராத்திரி யார் என்ற அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்; தனியார் ஆஸ்பத்திரியில் கன்சல்டன்டே எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போகிற ஆபத்து உண்டு. இன்னொன்று, டி.எம். இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்ற பயம் இப்போது தேவையில்லை. சில பிரிவுகளில் இடங்கள் நிரம்பாமல் போய், தகுதி பெர்சன்டைலைக் குறைத்துச் சிறப்புச் சுற்று நடத்தியிருக்கிறார்கள். அடிதடி எல்லாம் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ மாதிரிச் சில துறைகளுக்குத்தான்.

பாண்ட் விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறும், அந்தந்த வருஷத்துப் புராஸ்பெக்டஸைத் தவிர யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கித் தமிழக அரசு 2020இல் ஆணை போட்டது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. பணியை விட்டுவிட்டு வெளியே போய்ப் படிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும்.

இதையெல்லாம் இணையதளத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் வருஷ பிஜி ஒருவரைப் பிடிக்க வேண்டும். முதல் வருஷத்துக்காரர் அழுவார், மூன்றாம் வருஷத்துக்காரர் எல்லாம் மறந்து பெருமை பேசுவார். போன வாரம் என் பெரியம்மா மகளுடைய பையன் வந்திருந்தான். "மாமா, கார்டியாலஜி பெருசா இருக்க காலேஜா போட்டாத்தான நல்லது?" என்றான். ஒரு நம்பரைக் கொடுத்து, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் ஏற்றுகிற குழாய்) யார் போடுகிறார்கள், ரவுண்ட்ஸ் எவ்வளவு நேரம், கடைசி ஆறு மாதம் படிக்க விடுவார்களா என்று கேட்கச் சொன்னேன். சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டான். "லைன் அவங்கதான் போடுதாங்களாம் மாமா. ரவுண்ட்ஸ் மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னால முடியாதாம். படிக்க லீவு மட்டும் கேக்காதேன்னாங்க."

நாளைக்கு சாய்ஸ் லாக்கிங், கல்லூரி வரிசையை உறுதி செய்கிற நாள். அக்காவுக்கு அவன் ஊர்ப்பக்கம் இருந்தால் போதும், அத்தான் சென்னையை விடுவதாக இல்லை. அவன் முதலில் போட்டிருக்கிற இடம் இரண்டு பேரும் நினைத்த இடம் இல்லை.