நாலு கட்ட நோட்டு: நெட் தேர்விலிருந்து முனைவர் பட்ட நேர்முகம் வரை

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வுக்கும் தேசிய அளவில் நடக்கும் நெட் தேர்வில், பொருளியலில் ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) வந்துவிட்டது. முனைவர் பட்டத் தேர்வுப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. இன்னும் நம்ப முடியவில்லை. சட்டம், பொருளியல், உளவியல் மூன்றையும் தொடுகிற ஆய்வுக்குப் போக நினைக்கும் நம் கடற்கரைப் பிள்ளைகள் சிலர் எப்படிப் படித்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். எல்லாப் பாடத்துக்கும் பொதுவான பேப்பர் 1 பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பழைய வினாத்தாள்களே போதும்.

என்னைக் கரை சேர்த்தது ஒரு நோட்டு. பக்கத்தின் தலையில் நம் ஊரில் நடக்கிற ஒரு விஷயம். கீழே நாலு கட்டம். சட்டம் என்ன சொல்கிறது, பொருளியல் என்ன சொல்கிறது, உளவியல் என்ன சொல்கிறது. நாலாவதில்: எதைப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்று தவறென்று தெரியும்? முதல் மூன்றை யாரும் நிரப்பிவிடலாம். நாலாவது காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

முதல் பக்கம் எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. மாமாவுக்கு விசைப்படகு, சித்தப்பா நாட்டுப்படகில் போகிறவர். ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகத் திங்கள், புதன், சனி, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இது இரு தரப்பும் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வலை இழுக்கக்கூடாது என்பது அரசு விதி. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. நாள் ஏற்பாட்டைப் பெரும்பாலும் மதிக்கிறார்கள். தூர விதியை மீறுகிறார்கள்.

ஏன் என்று மாமாவிடம் கேட்டேன். “செவ்வாக்கிழமை போனா ஊரே பாக்கும்ல. கடல்ல யாரு பாக்கா?” என்றார். சித்தப்பா விடவில்லை: “நாங்க பாக்குறோம்ல மச்சான்.”

இந்த இரண்டு வரியில் மூன்று துறையும் அடங்கிவிட்டது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1968-இல் சொன்ன கணக்குப்படி, தண்டனையின் அளவோடு பிடிபடும் வாய்ப்பையும் பெருக்க வேண்டும். பத்து முறையில் ஒருமுறைதான் பிடிபடுவார் என்றால் 5,000 ரூபாய் அபராதம் அவர் மனக்கணக்கில் 500 ரூபாய்தான். உளவியலாளர் டாம் டைலர் 1990-இல் சொன்னது வேறு: விதி நியாயமாக உருவானது என்று நம்புகிறவர்கள் காவல் இல்லாமலும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். பொதுவளத்தைக் காக்கும் விதிகளைப் பயன்படுத்துகிறவர்களே வகுக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியதையும் விடாதீர்கள். நஷ்டத்தில் நிற்கும் மனிதர் அதிலிருந்து மீளப் பெரிய ஆபத்தையும் எடுப்பார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடனில் நிற்கிற படகுக்காரருக்கு இது அப்படியே பொருந்தும்.

நேர்முகத்தில் முதல் கேள்வியே, “அபராதத்தை இரட்டிப்பாக்கினால் மீறல் குறையுமா?” இஸ்ரேலியக் குழந்தைக் காப்பகங்களில் க்னீசியும் ருஸ்டிகினியும் செய்த ஆய்வைச் சொன்னேன் (2000-இல் வெளியானது). தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறிய அபராதம் போட்டதும் தாமதம் கூடியது, அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. நாள் ஏற்பாட்டைச் சொல்லி, நியாய உணர்வுதான் காரணமாக இருக்கலாம் என்றேன். உடனே ஒரு பேராசிரியர் மறித்தார்: “நாள் மீறல் துறைமுகத்திலேயே தெரியும், தூர மீறல் தெரியாது. இது வெறும் பிடிபடும் வாய்ப்புதானே?”

மாமாவின் பதிலும் அதுதான். நாலாவது கட்டத்தில் அதற்கு எழுதி வைத்திருந்தேன். ரோந்து கூடும் மாதத்தையும் அது நின்ற அடுத்த மாதத்தையும் ஒப்பிட வேண்டும். பிடிபடும் பயம் மட்டுமே காரணமென்றால் ரோந்து நின்றதும் மீறல் பழைய அளவுக்குத் திரும்பும். ஊர் மானமும் நியாய உணர்வும் சேர்ந்திருந்தால் கொஞ்ச காலமாவது கட்டுப்பாடு தங்கும். அந்தப் பதிலுக்குப் பிறகு அறையின் முகமே மாறியது. இடம் அந்தப் பதிலுக்குக் கிடைத்தது என்றே நம்புகிறேன்.

அடுத்துக் கேட்டது: சட்ட மீறலைப் பற்றி உண்மையை யார் சொல்வார்கள்? நாணய முறையைச் சொன்னேன். வார்னர் 1965-இல் தொடங்கிவைத்த வழியின் ஒரு வகை அது. நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மை. எது விழுந்தது என்று நமக்குக் காட்டக்கூடாது. 100 பேரில் 70 பேர் ‘ஆமாம்’ என்றால் ஏறத்தாழ 50 நாணயத்தால் வந்தது. மீதி 50-இல் 20, அதாவது நூற்றுக்கு 40 பேர் மீறுகிறார்கள். எந்த மனிதரும் காட்டிக்கொடுக்கப்படவில்லை. நம் சொந்த பந்தங்களிடம் ஆய்வு செய்யும்போது இது உயிர்நாடி.

மனநோய் தீரும் என்று நம்பிக் குடும்பங்கள் தர்காவுக்கு அழைத்து வரும் ஏர்வாடிக்கும் ஒரு பக்கம் வையுங்கள். 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. குடும்பத்துக்கு மருத்துவமனைக்கு அலையும் செலவும் கூலி இழப்பும் உண்டு, தர்காவில் ஆறுதல் உண்டு. தடை மட்டும் அவர்களுக்கு எதைத் தரும்? இந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. அப்படி நடுங்க வைக்கும் தலைப்பையே ஆய்வுக்கு எடுங்கள்.

இனிச் சுருக்கமாக:

- பேப்பர் 2-க்கு உங்கள் முதுகலைப் பாடத்தையே ஆழமாகப் படியுங்கள். மற்ற இரண்டும் நேர்முகத்துக்கு.
- தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஒன்றையும் விடாதீர்கள்.
- டெலிகிராம் குழுக்களை விட்டு வெளியேறுங்கள். தனியாக, கையால் எழுதிப் படித்தால்தான் மனதில் நிற்கும்.
- சட்டத்தை நேரடி வாசகத்தில் படியுங்கள், திருத்தங்களோடு. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தந்த இடைக்கால உத்தரவில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும் என்று இருந்தது. கைடுகளில் இப்படி வராது.
- “ஒரே துறையில் நில், மூன்றைத் தொட்டால் எங்கும் சேர்க்கமாட்டார்கள்” என்று எனக்கு மூத்தவர் ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பேச்சில் பல மாதம் மனம் உடைந்து கிடந்தேன். நீங்கள் கேட்க வேண்டாம். நெறியாளர் ஒரு துறையில், இணை நெறியாளர் இன்னொரு துறையில் கிடைப்பாரா என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரியுங்கள்.
- தமிழில் விளக்கலாமா என்று அறையில் கேளுங்கள். நான் கேட்டேன், அனுமதித்தார்கள்.
- ஜேஆர்எஃப் வராமல் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதி வந்தவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். முதலில் வரும் அறிவிப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.