விமானத்தை அடிக்கச் செஞ்சது ஊர் மேல விழுது

எஸ்-75னு ஒரு பழைய சோவியத் ஏவுகணை இருக்கு. 1960 மே 1ஆம் தேதி அமெரிக்காவோட யு-2 உளவு விமானத்தை அவ்ளோ உயரத்துல போய் அடிச்சது இதுதான். கீழ இருக்கற ரேடார் விமானத்தைப் பாத்துக்கிட்டே ரேடியோல வழி சொல்லிக்கிட்டே இருக்கும், இது அதுக்கேத்த மாதிரி திரும்பிப் போகும்.

2015 டிசம்பர்ல ஏமன்ல ஹூதி கிளர்ச்சிக்காரங்க இதே ஏவுகணையை காஹிர்-1னு பேர் மாத்தி, தரையிலேர்ந்து தரைக்கு அடிக்கிறதா காட்டினாங்க, 250 கிலோமீட்டர் போகும்னு சொன்னாங்க. அந்த வருஷம் மார்ச்லேர்ந்தே சவுதி கூட்டணி விமானங்க அவங்க மேல குண்டு போட்டுக்கிட்டு இருந்துச்சு. ரேடார் போயிட்டா இந்த ஏவுகணையால விமானத்தை ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா மோட்டார் இருக்கு, வெடிமருந்து இருக்கு, போர்ல இருக்கறவன் அதை சும்மா போட்டு வைக்க மாட்டான்.

என்னை உறுத்துறது அந்த வெடிமுனைதான். ஏறக்குறைய 200 கிலோ, வெடிச்சா சில்லு சில்லா சிதறணும்னே செஞ்சது, விமானத்தோட மெல்லிசான தகட்டுக்கு அது போதும். தரையில அது ஒரு கான்கிரீட் பதுங்குகுழியைப் பெருசா ஒண்ணும் பண்ணாது, தெருவுல நிக்கிற மனுஷனைத்தான் கிழிக்கும். குறியும் சரியா இருக்காது, அதனால ஊர் மாதிரி பெரிய இடத்தைப் பாத்துத்தான் அடிக்கவே முடியும்.

ஈராக் இந்த மாதிரி வேலைய முன்னாடியே பண்ணிச்சு. தரையிலேர்ந்து தரைக்கு அடிக்கிற சோவியத் ஸ்கட் ஏவுகணையை வெட்டி ஒட்டி, எரிபொருள் டேங்க்கை நீட்டி, வெடிமுனையைக் குறைச்சு அல் ஹுசைன்னு ஆக்கினாங்க, 300 கிலோமீட்டர் போனது 600க்கு மேல போச்சு. 1988ல தெஹ்ரான் மேல விழுந்தது அதுதான். 1991 வளைகுடாப் போர்ல பாதி வழியிலயே துண்டு துண்டா உடைஞ்சும் விழுந்துச்சு. அப்படியும் பிப்ரவரி 25 அன்னிக்கு தஹ்ரான்ல ஒரு படைக் குடியிருப்பு மேல விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் செத்தாங்க. (இது சவுதில இருக்கற தஹ்ரான், ஈரான் தலைநகர் இல்ல.)

இதெல்லாம் எதுவும் இல்லாதவன் வேற வழியில்லாம பண்றதுன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா 2022ல ரஷ்யாவே விமான எதிர்ப்புக்கு வெச்சிருந்த எஸ்-300ஐ உக்ரைன் ஊர்ங்க மேல திருப்பிச்சு. செப்டம்பர் 30ஆம் தேதி ஸாப்போரீஷியாவுல, ஆக்கிரமிச்ச பகுதியில மாட்டியிருந்த சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர கார்ல வரிசையா காத்துக்கிட்டு இருந்தவங்க மேல எஸ்-300 விழுந்ததா உக்ரைன் அதிகாரிங்க சொன்னாங்க. 30 பேர் கிட்ட செத்துட்டாங்க. அந்த ஃபோட்டோல கார் கதவு பூரா சின்னச் சின்ன ஓட்டை.