வந்த வழியைப் பார்த்து அனுப்பு

எங்கள் ஆபீஸில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வட்டப் பாதை உண்டாகாமல் காக்கும் முறை) தெரியாத நெட்வொர்க் ஆள் கிடையாது. ரேடியா பெர்ல்மன் 1985-இல் எழுதியது. அதற்கு ஏழு வருடம் மூத்த ரிவர்ஸ் பாத் ஃபார்வர்டிங் (தகவல் வந்த வழியைப் பார்த்து மேலே அனுப்பும் முறை) யாருடைய யோசனை என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். யோகன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் 1978-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டது. தலால் நம்ம மும்பை பவாய் ஐஐடியில் படித்தவர். காஞ்சூர்மார்க்கில் பஸ் ஏறி நான் தினமும் தாண்டிப் போகிற அதே கேட்!

ஒரு பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) எல்லோருக்கும் சேர்க்க எளிய வழி ஃபிளட்டிங்: வந்த லிங்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடு. எங்காவது ஒரு லூப் (வட்டப் பாதை) இருந்தால் தொலைந்தோம். போன மழைக்காலத்தில் யாரோ, மேசைக்கடியில் தொங்கிய கேபிளை ஏதோ புண்ணியம் என்று சுவர் போர்ட்டில் செருகிவிட்டார். மறுமுனையும் அதே ஸ்விட்சில். அதில் ஸ்பானிங் ட்ரீயை யாரும் ஆன் செய்யவில்லை. ரேக்கில் பச்சை விளக்கெல்லாம் ஒரே தாளத்தில் துடிக்க, மாடி முழுக்க நெட் போச்சு. ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல் (இத்தனை தாவலோடு செத்துப்போ என்கிற எண்ணிக்கை) கிடையாது. சுற்ற ஆரம்பித்தால் தானாகச் சாகாது.

பார்த்த பாக்கெட்டையெல்லாம் ரவுட்டர் ஞாபகம் வைக்கலாம்தான். ஆனால் மெமரி விலை ஏறிக் கிடந்த காலம் அது. தலாலும் மெட்காஃபும் வேறு கேள்வி கேட்டார்கள்: இதை அனுப்பியவருக்கு நான் ஒன்று அனுப்புவதென்றால் எந்த லிங்கில் அனுப்புவேன்? அதில் வந்திருந்தால் மற்ற லிங்குகளில் தள்ளு, இல்லையென்றால் குப்பையில் போடு. ரவுட்டிங் டேபிள் (யாருக்கு எந்த லிங்க் என்ற பட்டியல்) ஏற்கெனவே கையில் இருக்கிறதே.

திருநெல்வேலி பெரியப்பா வீட்டுக் கல்யாணச் செய்தி செம்பூர், தாராவி, மாட்டுங்கா என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்கள் வீட்டுக்குப் போனில் வரும். மாட்டுங்கா அத்தை சொன்னால்தான் அம்மா அடுத்தவருக்குச் சொல்வாள். பெரியப்பாவிடம் எதுவானாலும் அத்தை வழியாகத்தான் போகும். மற்றவர்களுக்கு "சரி சரி"தான்.

இதனால் முடிவில்லாமல் சுற்றுவது நிற்கும், ஆனால் டிராஃபிக் மிகக் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 5 ரவுட்டர், 7 லிங்க் என்றால் ஒரு பாக்கெட் 10 தடவை அனுப்பப்படும். மரமாக அமைத்தால் 4 போதும். "அனுப்பியவரிடம் என் வழியாகப் போகிற பக்கத்து ரவுட்டருக்கு மட்டும் அனுப்பு" என்று ஒரு படி மேலே போனால் இதிலும் 4-க்கு வந்துவிடலாம். அதுவும் அதே கட்டுரையில் இருக்கிறது.

இன்றைக்கும் மல்டிகாஸ்டில் (ஒரே தகவலைக் கேட்கும் பலருக்கும் ஒருசேர அனுப்புவதில்) பிம் (PIM) என்கிற ரவுட்டிங் முறை இந்தச் சோதனையைத்தான் செய்கிறது. வீடியோ வரவில்லை என்று டிக்கெட் வந்தால், சோர்ஸுக்கான ரூட் எந்த இன்டர்ஃபேஸைக் காட்டுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பாதி நேரம் அந்த இன்டர்ஃபேஸில் பிம்மை ஆன் செய்ய மறந்திருப்பார்கள்.