நெற்றி தானாகவே முன்னால் போகும்

நியூ ஜெர்சியில் கால்பந்துக் கோச்சாகப் போன முதல் நாளே தப்புப் பண்ணிவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பந்தைத் தூக்கிப்போட்டு நெற்றியால் முட்டச் சொன்னேன். வியாசர்பாடியில் அண்ணன்கள் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள்: "கண்ண மூடாதடா, பந்து உன்ன அடிக்கறதுக்குள்ள நீ அத அடி." மூன்றாவது பையன் முட்டுவதற்குள் கிளப் பொறுப்பாளர் ஓடிவந்து பந்தை வாங்கிக்கொண்டார். தலையில் அடிபடுவது குறித்துப் பெற்றோர் போட்ட வழக்குக்குப் பிறகு, 2015-லேயே பத்து வயது வரை ஹெட்டர் கூடாதென்று அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் சொல்லிவிட்டதாம். எங்கள் தலைகளுக்கு யார் வழக்குப் போட்டார்கள்!

விதிகள் பழகிப்போயின. இடி இடித்தால் முப்பது நிமிடம் காத்திருக்கவேண்டும், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு இல்லாமல் ஆடக்கூடாது. பழகாதது ஒன்றுதான்: "கோச், நான் எங்க நிக்கணும்?" தெருவில் யாரும் கேட்காத கேள்வி. இரண்டு செங்கல்லை வைத்தால் அது கோல் போஸ்ட், மீதியை ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்.

அதனால் கடைசி இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார ஆரம்பித்தேன். முதல் வாரம் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். நான்காவது வாரம், இடதுகால்காரி ஒருத்தி பந்தை நிறுத்தி, எதிரில் நின்றவன் கால் இடுக்கில் தட்டிவிட்டு, சுற்றிப்போய் எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. கோட்டோரத்திலிருந்து "பாஸ் பண்ணு!" என்று கத்தியவர் அவளுடைய அப்பாவேதான்.

இன்னொரு அப்பா நேராகவே கேட்டார்: "நீங்க சும்மா உட்காரத்தான் இவ்வளவு பணம் கட்டறமா?" நியாயமான கேள்வி. அந்தப் பணத்தில் எனக்கு வருவது பெட்ரோலுக்குச் சரியாகிவிடும் என்பது வேறு விஷயம். ஆட்டமே ஆளாக்கும் என்று காட்ட, அமெரிக்க அணியில் ஆடிய டாப் ராமோஸைப் பற்றி அவருக்குச் சொன்னேன். உருகுவேயின் மான்டிவிடியோவில் பிறந்து, பதினோரு வயதில் இதே நியூ ஜெர்சிக்கு வந்த பையன். ஸ்காட்லாந்து ஆலைத் தொழிலாளர்கள் கால்பந்தைக் கொண்டுவந்த கெர்னி பக்கத்தில் ஹார்க்ஸ், மியோலாவோடு வளர்ந்தவர். மூவரும் அமெரிக்காவுக்காக 1990 உலகக்கோப்பையில் ஆடினார்கள். 1994 உலகக்கோப்பையில் பிரேசில்காரர் லியனார்டோவின் முழங்கை பட்டு மண்டை ஓட்டில் விரிசல் விட்டும், ராமோஸ் பிறகு ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். 1995-இல் எம்எல்எஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக் ஒப்பந்தம் செய்த முதல் ஆட்டக்காரர் அவர்தான். பிறகு அமெரிக்க இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சாகவும் இருந்தார்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கும் கோச் இருந்திருப்பாரில்ல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த சீசனுக்கு மகனை வேறு கிளப்பில் சேர்த்துவிட்டார்.

இடதுகால்காரி இருக்கிறாள். உயரமாகப் பந்து வந்தால் இன்னமும் என் நெற்றி தானாக முன்னால் போகிறது. "கோச், ஹெட்டர்!" என்று முதலில் கத்துவது அவள்தான்.