பொனேரின் ஆடுகளும் பவளங்களும்

பவளப்பாறைகளைப் பார்ப்பதற்காகப் பொனேர் தீவுக்குப் போன எனக்கு, திரும்பி வந்த பிறகு அதிகம் நினைவுக்கு வருபவை அங்கே மேயும் ஆடுகள்தான். வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்தின் ஆளுகையில், 288 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் இந்த வறண்ட தீவு, 1971இலேயே ஈட்டியால் மீன் குத்துவதைத் தடை செய்தது; 1979இல் தன்னைச் சூழ்ந்த கடலை 60 மீட்டர் ஆழம் வரை பூங்காவாக அறிவித்தது. படகுகள் நங்கூரம் போடக் கூடாது. நிலையாகக் கட்டப்பட்ட மிதவைகளில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். முக்குளிப்பவர்கள் கையுறை அணியவும் அனுமதி இல்லை, ஏனெனில் கையுறை போட்டவருக்குப் பவளத்தைப் பிடித்துக்கொள்ளும் துணிச்சல் தானாக வந்துவிடும்.

இவ்வளவு கட்டுப்பாடும் கடலுக்குள் இருக்க, தொல்லை கரையிலிருந்து வருகிறது. ஓர் இரவு நன்றாக மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கரையோரத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. ஐந்து மீட்டர் ஆழத்தில், மூளையைப் போல் மடிப்புகள் கொண்ட பவளம் ஒன்றின் பள்ளங்களில், சலித்த மாவைத் தூவியதுபோல் வண்டல் படிந்திருந்தது. பவளம் தன் மேல் விழும் மண்ணைக் கோழை சுரந்து தள்ளிவிடப் பார்க்கும். அதற்கும் உடலில் வலு வேண்டும், மண் மேலும் மேலும் விழுந்தால் அந்த வலுவும் தீர்ந்துபோகும்.

அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய மரங்கள் முளையிலேயே ஆட்டின் வாய்க்குப் போய்விடுகின்றன. தீவின் வடமேற்கில் உள்ள ஸ்லாக்பாய் என்ற இடத்தின் பெயருக்கே வெட்டுக் குடா என்று பொருள்; ஆடுகளை வெட்டி உப்பிட்டுப் பக்கத்துத் தீவான குராசோவுக்குக் கப்பலேற்றிய இடம் அது. இன்று அது வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவின் பகுதி, ஆனால் ஆடுகளுக்கு அந்த மாற்றம் தெரியாது. ஆடு தொடாத செடிக்கு நாம் ஆடாதோடை என்று பெயரே வைத்திருக்கிறோம். பொனேரின் குன்றுகளில் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை அப்படி ஆட்டுக்குப் பிடிக்காதவையும் முள்ளுள்ளவையும்தான். ஆட்டுக்காரர்களை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. 'கபிரிட்டு ஸ்தோபா' என்ற அவர்களது ஆட்டுக்கறிக் குழம்பை நானும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆட்டை ஒழிக்க வேண்டியதில்லை, அடைத்து வளர்த்தால் போதும் என்பதே என் கருத்து.

எதிரே உள்ள ஆளில்லாத கிளைன் பொனேர் தீவில், 1980களில் ஆடுகள் அகற்றப்பட்ட பின் செடிகொடிகள் மெல்லத் திரும்பி வருகின்றன. பெரிய தீவில், லோரா எனப்படும் மஞ்சள் தோள் கிளிகளைக் காக்கும் 'எக்கோ' அமைப்பு, நிலத்தை வேலியிட்டு நாட்டு மரங்களை நடுகிறது. கிளிக்காக நடப்பட்ட மரம் பவளத்துக்கும் உதவுகிறது. பவளத் திசுக்களை அழிக்கும் நோய் 2023இல் இங்கும் வந்துவிட்டது. அதை எந்த வேலியாலும் தடுக்க முடியாது, ஆனால் நோயோடு போராடும் பவளத்தின் மேல் மண் விழாமலாவது பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பும் நாளில், ஒரு வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி ஆளுயரக் கள்ளிகளை நெருக்கமாக நட்டு வளர்த்த பழைய உயிர்வேலியைப் பார்த்தேன். உள்ளே இலை அடர்ந்த மரங்களின் நிழல். வெளியே வெறும் செம்மண். வேலியில் விழுந்திருந்த ஒரே ஓர் இடைவெளியில் ஓர் ஆடு தலையை நுழைத்துக்கொண்டிருந்தது.