மூலைக்கு மூலை கடவை போட முன்

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியைக் குறுக்கு வீதி வெட்டும் வன்னிச் சந்திகளுக்கு மூலைக்கு மூலை கடவையை வரையும்போது முக்கால்வாசி வேலை பெயின்ற் அல்ல, செக்கன் கணக்குத்தான். எல்லாப் பக்க வாகனத்தையும் ஒன்றாக மறித்து, ஆட்களை மட்டும் எதிர் மூலைக்கும் நேரே கடக்க விடுகிற முறை இது. டோக்கியோவின் சிபுயாவில் பொருந்துகிறதென்றால் அங்கே கடக்கும் சனம் அப்படி.

அதனால் முதலில் ஆட்களை எண்ண வேண்டும். ஒவ்வொரு கடவைக்கும் தனித்தனியாக எண்ணிப் பயனில்லை. ஒரு வீதியைக் கடந்து, நின்று, அடுத்ததையும் கடக்கிறவர்களைப் பிரித்து எண்ணுங்கள். சந்தை கூடும் காலையும் பள்ளிக்கூடம் விடும் 1.30 மணியும் போதும். அப்படிக் கடப்பவர்கள் கொஞ்சப் பேர்தான் என்றால் யோசனையை அதோடு விட்டுவிடலாம்.

நீளத்தை நாடா பிடித்தே அளக்க வேண்டும். இரண்டு வீதியும் 14 மீற்றர் அகலம் என்றால் மூலைவிட்டம் 19.8 மீற்றர் என்று கணக்குச் சொல்லும். பஸ் திரும்புவதற்காக மூலையை 6 மீற்றர் ஆரையில் வளைத்திருந்தால் ஒவ்வொரு முனையிலும் 2.5 மீற்றர் அளவில் கூடும். ஆக 25 மீற்றர். செக்கனுக்கு 1.2 மீற்றர் என்ற வழமையான வேகத்தில் 21 செக்கன். நாங்கள் 1 மீற்றரையே எடுப்போம்: ஊன்றுகோலோடும் செயற்கைக் காலோடும் நடப்பவர்கள் இங்கே குறைவில்லை. அப்போது 25 செக்கன்.

இறங்குவதற்குப் பச்சை 7, நடந்து முடிக்க 25, மொத்தம் 32. பிரதான வீதிக்கு 35, குறுக்கு வீதிக்கு 25, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மஞ்சளும் எல்லாப் பக்கமும் சிவப்புமாக 5. விளக்கின் ஒரு சுற்று 102 செக்கன். ஆட்களுக்கான 32 செக்கன் இல்லாவிட்டால் 86 சதவீதமாக இருக்கும் வாகனப் பச்சையின் பங்கு 59க்கு விழும். இதை ஈடுகட்ட வாகனப் பச்சையை நீட்டச் சொல்வார்கள், அங்கேதான் பிழைக்கும். இப்போதே ஒருவர் பச்சையைத் தவறவிட்டால் 95 செக்கன் நிற்க வேண்டும். இன்னும் நீட்டினால் சிவப்பிலேயே இறங்கிவிடுவார். நீட்டாமல் குறைப்பதே சரி.

இடப்பக்கம் எந்நேரமும் திரும்பலாம் என்ற பலகை இருந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நுழையும். பாதசாரியோ எல்லாம் நின்றுவிட்டது என்று நம்பி, எதிர் மூலையை மட்டும் பார்த்து நடப்பார்.

நிற்க ஆளுக்கு அரைச் சதுர மீற்றர் வேண்டும். 60 பேருக்கு 30 சதுர மீற்றர். கான் மூடி, மின்கம்பம், கச்சான் வண்டி எல்லாம் போக மூலையில் அவ்வளவு மிஞ்சுமா என்று பாருங்கள். நடைபாதையிலிருந்து வீதிக்கு இறங்கும் சரிவுப்பாதை 1:12க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. மூலை முழுவதையும் தாழ்த்தினால் லொறியின் பின் சில்லு ஏறும், கட்டைத்தூண் நட வேண்டிவரும்.

நடப்பவருக்கான விளக்கு நேர்க்கடவைகளுக்கு 8, குறுக்காகப் பார்க்க மூலைக்கு ஒன்றாக 4. இந்த நாலும்தான் பட்டியலில் விடுபடும். வயருக்கான குழாயைக் காப்பற் போட முன் புதைக்காவிட்டால், புதிதாகப் போட்ட வீதியை வெட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் மறுபடி அனுமதிக்கு அலைய வேண்டும்.

சந்தி நடுவில் வரிக்கடவை அடிக்க வேண்டாம். மழையில் பெயின்ற் வழுக்கும், திரும்புகிற மோட்டார் சைக்கிள் அதில்தான் சரியும். மூலைக்கு மூலை போகும் பாதையின் இரு கரையிலும் விட்டுவிட்டுப் போட்ட கோடு போதும். இரவில் ஆட்களுக்கான பச்சை பொத்தான் அழுத்தினால் மட்டும் வரட்டும் (ஏ9இல் படுக்கும் மாடுகள் எதையும் அழுத்துவதில்லை). விளக்கு எரியத் தொடங்கியதும் ஒரு மூலையில் நின்று, வாகனப் பச்சை விழும்போது கடைசி ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வீதியிலேயே நின்றால் குறைகிற செக்கனை வாகனப் பச்சையிலிருந்து எடுங்கள்.