கால் என்று சொல்லிவைத்தேன்

பிப்ரவரி 11

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலை வைத்து, வீட்டுக்கு வந்தாயிற்று. வண்டியில் வழியெல்லாம் வலது தொடை இடுக்கில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். இருமினாலும் தும்மினாலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மேடுபள்ளத்தை அவள் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. குந்தி உட்காரக் கூடாது. முக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கலாம், படம் எடுக்க ஏற்றிய சாய மருந்து சிறுநீரில் வெளியேற வேண்டுமாம். குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்தால் பயம்.

பிப்ரவரி 12

நாத்தனார் போன். "அண்ணி, எது வழியா விட்டாங்க? கையா?"

"கால்" என்றேன்.

நேற்றிலிருந்து ஏழு பேர் கேட்டுவிட்டார்கள், ஏழு பேருக்கும் கால்தான். முதலில் மணிக்கட்டில்தான் முயன்றார்கள். ரத்தக்குழாய் இறுகிக்கொண்டு கம்பியை உள்ளே விடவில்லை. "சரி, ஃபெமோரல் போயிரலாம்" என்றார் டாக்டர், பஸ் மாறி ஏறுவதுபோல. ஃபெமோரல் என்றால் தொடை இடுக்கில் ஓடும் பெரிய ரத்தக்குழாய். மரத்துப்போக ஊசி மட்டும் போட்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. சிக்ஸ் ஃபிரெஞ்சு என்று ஒன்று கேட்டார். மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், அது உள்ளே விடும் குழாயின் பருமன் அளவாம், ஒரு ஃபிரெஞ்சு என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காம். ஆக 2 மில்லிமீட்டர். அதற்குத்தான் இவ்வளவு.

பிப்ரவரி 13

தும்மல் இரண்டு. இரண்டுக்கும் கை வைத்தேன்.

பிப்ரவரி 14

அந்தப் பையன் ஞாபகமாகவே இருக்கிறது. குழாயை உருவிவிட்டு இரண்டு கையையும் அங்கே ஊன்றி அழுத்தினான். இருபது நிமிடம். என் மகள் வயதுதான் இருக்கும். அவன் சுவர்க்கடிகாரத்தையே பார்த்தான், நானும் அதையேதான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நடுவில் ஒரு கையால் என் பாதத்தின் மேல்புறத்தைத் தொட்டு நாடி பார்த்துவிட்டு மறுபடி கடிகாரம். முடித்ததும், "ஆறு மணி நேரம் காலை மடக்கிராதீங்கம்மா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

உயிர் கொஞ்ச நேரம் அவன் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 15

ஊதா நிறம் தொடையில் பாதி வரை இறங்கிவிட்டது. நேற்று மகள் அதன் ஓரமாகப் பேனாவால் கோடு போட்டாள், டார்ச்சும் கையுமாக, மனை அளக்க வந்தவள் போல. "அசையாதம்மா, கோணல் விழுது." காலையில் பார்த்தால் நிறம் கோட்டைத் தாண்டி மூன்று விரல் அளவு கீழே போயிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கசிந்த ரத்தம் தோலுக்கடியில் கீழ்நோக்கி இறங்கத்தான் செய்யும், அப்புறம் பச்சையாகி மஞ்சளாகிப் போய்விடும், பரவாயில்லை என்றார்கள். குழாய் விட்ட இடத்தில் இருக்கும் கட்டி பெரிதானாலோ, துடித்தாலோ, பாதம் சில்லிட்டாலோ, இடுப்பிலும் முதுகிலும் திடீரென வலித்தாலோ உடனே வர வேண்டுமாம். திடீரென ரத்தம் பீறிட்டால் படுத்து, அழுத்திப் பிடித்து, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டுமாம்.

துடித்தாலோ. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரைக்கு மட்டும் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் அலாரம் வைத்திருக்கிறார். அது அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே தண்ணீரோடு வந்து நிற்கிறார்.

பிப்ரவரி 16

சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு போதாததுபோல இருந்தது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த டிகாக்ரெலார் மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டாம். டாக்டரே போனில் வந்து நெஞ்சு வலி உண்டா, வியர்க்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க, அப்பத்தான் நிஜமாவே அடைக்கும்" என்றார். போனை வைத்ததும் மூச்சு பாதி சரியாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 17, விடியற்காலை 3 மணி

கட்டி துடிக்கிறது.

இல்லை, என் விரல் துடிக்கிறது. விரல் நுனியிலும் நாடி உண்டு, அழுத்தி வைத்தால் தெரியும். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் வேறு, அது எப்படியும் அடிக்கும். மூன்றில் எது எது என்று ஒரு மணி நேரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். தொடுவதாலேயே வீங்கிவிடுமோ?

தூக்கம் வராமல் போனில் படித்தது: 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் தன் கை ரத்தக்குழாய் வழியாகத் தானே இதயம் வரை குழாயை விட்டுக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போயிருக்கிறார். 1956-ல் நோபல். எனக்குக் கழிவறை வரை போகத் துணை வேண்டியிருக்கிறது. 1977-ல் சூரிக்கில் க்ரூன்ட்சிக் முதன்முதலில் இதயக் குழாயில் பலூன் வைத்து விரித்ததும் தொடை வழியாகத்தானாம். அந்த முதல் நோயாளி ஊரில் கேட்டவர்களுக்கு என்ன சொல்லியிருப்பார்?

மறுபடி தொட்டேன். துடிக்கிறது.

பிப்ரவரி 17, இரவு

மகளிடம் சொல்லிவிட்டேன். அவளும் விரல் வைத்துப் பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள். அவள் தெரியல என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நாளை காலை டாப்ளர், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்.

பிப்ரவரி 18

ரத்தக்குழாயில் போட்ட ஓட்டை சரியாக மூடாவிட்டால் ரத்தம் வெளியே வந்து பக்கத்தில் பை மாதிரி நிற்குமாம். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்குமாம். அப்படி இருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே அதற்குள் ஊசி போட்டு உறைய வைப்பார்களாம். இதையெல்லாம் ஜெல்லைத் தடவிக்கொண்டே அந்தம்மா நிதானமாகச் சொன்னார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்புறம் சத்தத்தைப் போட்டார். புஸ், புஸ் என்று அறை முழுக்க. "இது உங்க ஆர்ட்டரி, நல்லா ஓடுது." கருவியைக் கட்டிமேல் நகர்த்தினார். சத்தமே இல்லை. "இங்க ஓட்டம் கிடையாது. உறைஞ்ச ரத்தம்தான். ரெண்டு சென்டிமீட்டர். கரைய சில வாரம் ஆகும்."

சத்தமில்லாத அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினார்.

பிப்ரவரி 19

பச்சை. காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், தண்ணீரோடு நின்ற அவர் மேலும்.

பிப்ரவரி 20

ஓரங்களில் மஞ்சள். பேனாக் கோடு குளித்துக் குளித்து மங்கிவிட்டது. மகள் மறுபடி போடவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியம்மா போன் பண்ணினார். "தொடை வழியா" என்றேன். அவருக்குக் காது மந்தம். "என்னது, கடை வழியா?" இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 22

செக்கப். டாக்டர் இரண்டு விரலால் ஒரே நொடி தொட்டார், போதும் என்றார். நான் பத்து நாளாகத் தடவியதை! அந்தப் பையனைத் தேடினேன், இன்று அவனுக்கு ஷிஃப்ட் இல்லையாம். இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறதே, அதை ஆறு வாரம் கழித்துச் செய்வார்களாம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கையா, தொடையா என்று கேட்கவில்லை.